இரவல் கோட் போட்ட மாப்பிள்ளை

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் அகதி ஹைமில் என்னோடு வளர்ந்தவர்களுக்கெல்லாம் இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். முழங்கால் வலி, வாசிக்கக் கண்ணாடி, பிள்ளைகள் வேறு நகரங்களில். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த குடும்பங்களையும் தனி ஆண்களையும் ஒன்றாக அடைத்து வைத்திருந்த அந்த மஞ்சள் கட்டடத்தை இடித்துவிட்டு, அந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். அது போகட்டும். அங்கே நாம் கேட்ட துப்பறியும் கதை உங்களுக்கு நினைவிருக்கிறதா? மா அரைக்கிற ஆலை முதலாளியின் மகள், பல வருடம் கழித்துக் கப்பலில் திரும்பிவந்த மாப்பிள்ளை, மூக்குப்பொடி போடுகிற துப்பறிவாளர்? நினைவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கதைக்கு முன்வரிசை பிடிக்க நீங்கள் என்னைக் குசினி வாசலில் தள்ளி விழுத்தியிருக்கிறீர்கள்.

கதை சொன்னவரை நாம் கதை மாமா என்று கூப்பிட்டோம். மேல்மாடியில் தனி ஆண்கள் படுத்த அறையில் ஒரு கட்டில் அவருடையது. வேலை செய்ய அனுமதி இல்லாத காலம். மற்ற ஆண்கள் சீட்டு விளையாடினார்கள், சிகரெட் பிடித்தார்கள், பனியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். இவர் மட்டும் ஒரு பழைய புத்தகத்தோடு இருப்பார். இந்த ஊர்ச்சனம் வேண்டாத தளபாடங்களை வீதியோரம் தள்ளிவைக்கிற நாளில் நம் ஆட்கள் தூக்கிவந்த அலுமாரி ஒன்றின் லாச்சிக்குள் கிடந்த புத்தகம் அது. பச்சைத் துணி அட்டை. நிலக்கரி மணம். நூறு வருடத்துக்கு மேல் பழையது, இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே வாசிக்க வராத தடித்த எழுத்து. கட்டடப் பொறுப்பாளரின் வயதான தாயிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுப் பழகி, அகராதியும் கையுமாக அவர் டொச் என்கிற ஜெர்மன் மொழியைப் படித்தது அந்தப் புத்தகத்தில்தான்.

பின்னேரங்களில் பொதுக் குசினியில் கதை நடக்கும். கண்ணாடிகள் ஆவியில் நனைந்து வெளியே ஒன்றும் தெரியாது. வறுத்த தூளும் ஈரக் கம்பளியும் தரை கழுவுகிற மருந்தும் கலந்த மணம், இப்போதும் எங்காவது அடித்தால் எனக்குப் பத்து வயதாகிவிடுகிறது. கதை மாமா அடுப்புப் பக்கத்துக் கதிரையில் இருந்து புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொள்வார். வாசிப்பதுபோல ஒரு பார்வை, பிறகு நம்மைப் பார்த்துத் தமிழில் கதை. அவருடைய கதையில் ஆலை முதலாளியின் மகள் பிட்டும் மாம்பழமும் சாப்பிட்டாள். ஜெர்மனியில் மாம்பழமா என்று உங்களில் ஒருவர் கேட்டபோது, "நூறு வரியத்துக்கு முந்தி இஞ்சை எல்லாம் இருந்தது, நீர் கண்டனீரோ?" என்றார். நாம் நம்பினோம். அவர் சொன்னதில் நாம் நம்பாதது எது?

அவர் சொன்ன கதை இதுதான். ஆற்றங்கரை ஊரொன்றில் மாவாலை முதலாளி. அவருடைய மகளுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை கடல் கடந்து போய்விட்டான். பல வருடம் கழித்துத் தாடியோடு ஒருவன் வந்து இறங்கி, நான்தான் அவன் என்கிறான். ஆலையில் வேலை செய்கிற குமாஸ்தா அவளை மனதுக்குள் நேசிக்கிறான், வாய் திறந்து சொல்ல வழியில்லை. வந்தவன் உண்மையானவனா என்று பார்க்க, கால் இழுத்து நடக்கிற துப்பறிவாளர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். நமக்கெல்லாம் குமாஸ்தா மேல்தான் உருக்கம். தாடிக்காரனை நினைத்தாலே ஆத்திரம் வரும்.

இனி என் சின்னம்மாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் கடைசித் தங்கை. அம்மாவும் நானும் அப்பாவிடம் வந்தபோது எங்களோடு வந்தவர். அவருக்கு ஊரிலேயே கலியாணம் பேசி முடித்திருந்தது. சாதகம் பொருந்தி, பெரிய மாமா வாக்குக் கொடுத்து, படமும் வந்துவிட்டது. மாப்பிள்ளை பீலெஃபெல்ட் என்ற வேறு நகரத்தில் இருந்தார். முன்பு சில மாதம் எங்கள் ஹைமிலேயே இருந்துவிட்டு அங்கே மாற்றப்பட்டவர். அனுமதி இல்லாமல் எவரும் தன் நகர எல்லையைத் தாண்டக்கூடாது என்பதால் சின்னம்மா இன்னும் அவரை நேரில் பார்க்கவில்லை. படத்தில் அவர் சிவப்புக் காரொன்றின் முன்னால், கருநீலக் கோட் போட்டு, ஒரு கையைக் காரின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். கார் அவருடையது என்று யாரும் சொல்லவில்லை. நாங்களே நினைத்துக்கொண்டோம். அம்மா அந்தப் படத்தைப் பிள்ளையார் படச் சட்டத்தில் செருகி வைத்திருந்தார். கதை நேரத்தில் சின்னம்மா நமக்கு முதுகைக் காட்டியபடி மேசையில் கோவா இலை அரிந்துகொண்டிருப்பார். கதையைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சுவையான கட்டங்களில் கத்திச் சத்தம் நின்றுவிடும்.

மாசியில் ஒரு நாள். துப்பறிவாளர் ஆலை முதலாளி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற மாப்பிள்ளையின் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். படத்தில் உள்ள கோட்டில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். அதே கோட் ஊர்க் கோடியிலுள்ள சாராயக் கடையில் ஆணியில் தொங்குகிறது! கதை மாமா புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"கோட் இவன்ரை இல்லையெண்டால் ஆளும் இவன் இல்லை," என்று துப்பறிவாளரின் குரலில் சொன்னார். "மிச்சம் நாளைக்கு."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மேல்மாடி அறையில், கதவுக்குப் பின்னால் ஆணியில், கருநீலக் கோட் ஒன்று தொங்குவது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஒளித்துப் பிடித்து விளையாடும்போது நாம் அதற்குள் புகுந்திருக்கிறோம். கனத்த கம்பளி, சிகரெட் மணம், கிழிந்த உள்துணி, மேலிருந்து இரண்டாவது பட்டன் மட்டும் பச்சை. மற்ற எல்லாம் கறுப்பு.

அடுத்த நாள் சாப்பாட்டுப் பொதி கொடுக்கிற நேரம், ஆண்கள் எல்லாரும் கீழே வரிசையில் நின்றபோது, நான் படத்தை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். கோட்டின் அருகில் படத்தைப் பிடித்துப் பார்த்தேன். மேலிருந்து இரண்டாவது பட்டன். பச்சை. அந்தக் கணத்தின் சந்தோசத்தை எப்படிச் சொல்வேன்? அதற்குப் பிறகு பட்டம் வாங்கினேன், வீடு வாங்கினேன், பிள்ளை பெற்றேன். அப்படி ஒரு துள்ளல் மறுபடி வரவில்லை. கோட்டைக் கழற்றி நானே போட்டுக்கொண்டேன். அது தரையில் இழுபட, படிகளில் தடக்கித் தடக்கி இறங்கிக் குசினிக்குள் போய் நின்றேன்.

"அம்மா! மாப்பிள்ளையின்ரை கோட் எங்கட ஹைமிலை தொங்குது!"

எல்லாரும் இருந்தார்கள். அப்பா, பொதிகளோடு திரும்பிய ஆண்கள், நீங்கள், உங்கள் தாய்மார். அம்மா கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது ஆரின்ரை கோட்?" என்று கேட்டார்.

ஆண்கள் எல்லாரும் பொதிகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் பொதியில் இருந்த உருளைக்கிழங்கை முன்பின் கண்டிராதவர்போல ஆராய்ந்தார். அப்போதுதான் உங்களில் ஒருவர், யாரென்று இப்போது சண்டை வேண்டாம், எட்டிப் படத்தைப் பார்த்துக் கத்தினீர்கள்: "காரும் கட்டடப் பொறுப்பாளற்றை கார்!"

அம்மாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "காரும் இரவல், கோட்டும் இரவல். இனி விசாவும் இரவலோ, பேரும் இரவலோ? ஆரெண்டு தெரியாதவனுக்கோ என்ரை தங்கச்சியைக் குடுக்கப் பாத்தனான்?"

கதை மாமா அடுப்படியிலிருந்து மெல்லச் சொன்னார். "அக்கா, அவசரப்படாதேங்கோ. நல்ல பெடியனாயும் இருக்கலாம்."

அந்த 'உம்'மைக் கேட்டீர்களா? பத்து வயதில் நான் கேட்கவில்லை. எவ்வளவு பெருந்தன்மையான மனிதர், எங்கள் குமாஸ்தாவைப் போலவே, என்றுதான் நினைத்தேன்.

அப்பா ஏன் பேசவில்லை என்பதை அவர் சாவதற்கு முந்தின வருடம்தான் என்னிடம் சொன்னார். அந்தக் கோட் யாருக்கும் சொந்தமில்லை. தேவாலயத்தில் இலவச உடுப்புக் கொடுத்தபோது யாரோ எடுத்து வந்தது. அதிகாரிகளைச் சந்திக்கிற டேர்மின் என்றால் போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போவார். ஊருக்குப் படம் அனுப்புவதென்றாலும் அதேதான், அந்தக் காரின் முன்னால், அதே கையை அதே இடத்தில் வைத்து. குசினியில் நின்ற அத்தனை ஆண்களும் தங்கள் மனைவிக்கோ தாய்க்கோ பேசின பெண்ணுக்கோ அப்படி ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். அப்பாவும்தான். அவர் படம் எடுத்த காலத்தில் கோட்டில் எல்லாப் பட்டனும் கறுப்பு, படமும் ஊரிலேயே தங்கிவிட்டது, அதனால் தப்பினார். ஒருவர் வாய் திறந்தால் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆகவே வாயை மூடிக்கொண்டு ஒருத்தனைக் கள்ளனாக்கினார்கள்.

பீலெஃபெல்ட் மாப்பிள்ளை அனுமதி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அதை நீங்கள் எல்லாரும் மேல் யன்னல்களில் தொங்கிக்கொண்டு பார்த்தீர்கள். நான் கீழே, அம்மாவின் பின்னால் நின்றேன். அப்படியொரு குளிர். அந்த மனிதர் மெல்லிய மழைச்சட்டையோடு வந்திருந்தார். அவரிடம் கோட் இல்லை. கேக் பெட்டி ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. படியில் நின்றபடியே பேசினார்.

"அக்கா, கோட் என்ரை இல்லை. கார் என்ரை இல்லை. எல்லாரும் அப்பிடித்தான் எடுத்தவை," என்றார் அந்த மனிதர். "அந்தப் படத்திலை முகம் மட்டும்தான் என்ரை. அது நான்தான்."

"முதலே சொல்லியிருக்க வேணும் தம்பி."

"ஒருத்தரும் கேக்கேல்லையே அக்கா." பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்தார். "நான் அவவோடை ஒருக்கால் கதைக்கலாமோ? அவ வேண்டாம் எண்டால் நான் போறன்."

"அவ கதைக்கிற நிலைமையிலை இல்லை," என்றார் அம்மா. சின்னம்மா மேலே அறையைப் பூட்டிக்கொண்டு அழுகிறார் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்களோ பட்டனைக் கண்டு பிடிச்சது?" ஓம் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். "கெட்டிக்காரி," என்று கேக்கை என் கையில் தந்துவிட்டுப் போனார். அம்மா அதைக் குப்பையில் போடச் சொன்னார். பாதியை நாம் படிக்குக் கீழே இருந்து தின்றோம், இஞ்சி மணத்தது.

கதையும் அந்த வாரமே முடிந்தது. தாடிக்காரன் ஊரைவிட்டு ஓடினான், குமாஸ்தா ஆலை முதலாளியின் மகளைக் கட்டினான். நாம் கை தட்டினோம். கோடை வருவதற்குள் ஹைமிலும் ஒரு கலியாணம் நடந்தது. தங்கச்சியின் பேர் கெடமுன் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா துடித்தபோது, பக்கத்திலேயே படித்த, அடக்கமான, டொச் தெரிந்த ஒருவர் இருந்தார். கதை மாமா எனக்குச் சித்தப்பா ஆனார். தாலி கட்டும்போது என்னை முன்னால் இருத்தினார்கள்.

பீலெஃபெல்ட்காரருக்குக் 'கள்ள மாப்பிள்ளை' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. நம் சனம் இருந்த ஊரெல்லாம் அந்தப் பேர் போயிற்று. வெகு காலம் அவருக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை என்று கேள்வி, பிறகு நாட்டைவிட்டே போய்விட்டாராம். எனக்கோ எதிர்ப்பேர். சாமத்தியவீடா, பிறந்தநாளா, எந்தக் கொண்டாட்டத்திலும் இரவல் கோட்டுக் கதையை எடுத்துவிடுவார்கள். இவள்தான் கண்டு பிடிச்சவள், இவள் இல்லாட்டில் எங்கட குடும்பம் கவிண்டிருக்கும். அம்மா கடைசி நாட்களில் ஆசுப்பத்திரித் தாதியிடம்கூட அதைத் தன் அரைகுறை டொச்சில் சொன்னார். என்னுடைய உத்தியோகமும், சிரிக்காதீர்கள், காப்புறுதி நிறுவனமொன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிப்பது. வேலைக்கான நேர்முகத்தில் ஏன் இந்தத் துறை என்று கேட்டபோது கோட்டுக் கதையைத்தான் சொன்னேன்.

போன இலையுதிர் காலத்தில் சித்தப்பாவும் சின்னம்மாவும் சின்ன வீட்டுக்கு மாறினார்கள். அவர்களுடைய நிலவறையைக் காலி செய்யப் போன இடத்தில், பழைய சப்பாத்துப் பெட்டிகளுக்குக் கீழே பச்சை அட்டை தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தப்பாவிடம் கேட்காமலே எடுத்துவந்தேன். கேட்டால் கொடுத்திருப்பார், அவர் மேல் எனக்கு அவ்வளவு உரிமை. அவர்தான் எனக்குச் சைக்கிள் பழக்கினார், கணக்குச் சொல்லித்தந்தார். அப்பாவிடம் கேட்கப் பயந்ததையெல்லாம் அவரிடம் கேட்டு வளர்ந்தவள் நான்.

அந்த எழுத்து எனக்கு இப்போது வாசிக்க வரும். ஒரு வார இறுதியில் முடித்துவிட்டேன். ஆலை இருந்தது, மகள் இருந்தாள், கால் இழுக்கிற துப்பறிவாளர் மூக்குப்பொடியோடு வந்தார். தாடிக்காரனும் வந்தான். அவன்தான் உண்மையான மாப்பிள்ளை. கள்ளன் குமாஸ்தா. ஆற்றில் மூழ்கிச் செத்த ஒருவனுடைய பேரில் ஊருக்குள் வந்து, அவளைத் தான் அடைவதற்காக, வந்தவன் பொய் ஆள் என்று ஊரெல்லாம் கதை பரப்பியவன் அவன்தான். கடைசிப் பக்கத்தில் விலங்கு மாட்டிக்கொண்டு போகிறவனும் அவன்தான். டொச் விளங்காமல் பிழையாகச் சொல்லியிருப்பார் என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அதற்காகவே கோட்டைத் தேடி முதலிலிருந்து மறுபடி புரட்டினேன். கோட் இல்லை. பட்டன் இல்லை. சுவரில் படமே இல்லை.

என்ன செய்வதென்று தெரியவில்லை. சின்னம்மாவிடம் சொன்னால் இத்தனை வருட வாழ்க்கையில் கல்லெறிந்த மாதிரி. சொல்லாவிட்டால் அவர் ஒரு பொய்க்காரனுக்குச் சமைத்துப் போட்டபடியே சாவார். அவரை ஏமாற்றிக் கட்டியிருக்கிறார், அதற்குக் கருவி நான்தான். கடைசியில், தெரியாமல் வாழ்வதைவிடத் தெரிந்து அழுவது மேல் என்று முடிவெடுத்து, அடுத்த சனிக்கிழமை போனேன். சித்தப்பா தன் தோட்டத்துண்டில் கடைசி அவரைக்காய்களைப் பிடுங்கப் போயிருந்தார். சின்னம்மா லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார்.

"சின்னம்மா, ஒண்டு சொல்லவேணும். தாங்கிக்கொள்ளுவியளோ தெரியேல்லை."

"என்ன, மனுசனோடை சண்டையோ?"

"இல்லை. சித்தப்பா சொன்ன கதை. தலைகீழா மாத்திச் சொல்லியிருக்கிறார். புத்தகத்திலை குமாஸ்தாதான் கள்ளன். கோட்டே கிடையாது. உங்களைக் கட்டுறதுக்காக எல்லாத்தையும் கட்டிவிட்டவர். உங்களை ஏமாத்திப் போட்டார்."

கத்தி நிற்கவில்லை. லீக்ஸ் வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தது.

"கதையை மாத்தினது அவர்தான்," என்றார் சின்னம்மா. "ஆனால் கோட் அவரின்ரை யோசினை இல்லை. அது நான் சொன்னது."

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"வந்த புதுசிலை எனக்குக் குளிருது எண்டு அவர்தான் அந்தக் கோட்டைக் கொண்டு வந்து தந்தவர். போட்ட உடனை பட்டனைக் கண்டனான். படத்திலை இருந்த அதே பட்டன். ஆம்பிளையள் எல்லாம் மாறி மாறிப் போடுற கோட் எண்டு அவர் சொல்லி அண்டைக்கே எனக்குத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஹைமில் இருந்த அத்தனை ஆண்களையும் சின்னம்மா அண்ணை என்று கூப்பிட்டார். கதை மாமாவை மட்டும் ஒரு நாளும் அப்படிக் கூப்பிடவில்லை. நான் துப்பறிந்த இலட்சணம் அது.

"அண்ணர் ஊரிலை வாக்குக் குடுத்திட்டார். நான் மாட்டன் எண்டால் ஏன் எண்டு கேப்பினம். ஒரே கட்டடத்திலை இருக்கிற பெடியனிலை விருப்பம் எண்டால் அக்கா என்னை என்ன பேர் சொல்லியிருப்பா? பிள்ளை வந்து சொன்னால் பிள்ளைப் பேச்சு. ஆரும் குத்தம் சொல்லேலாது."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே சின்னம்மா. நான் உங்களுக்காகச் செய்திருப்பனே."

"சொன்னால் நடிச்சிருப்பாய். நீ உண்மையா நம்பினபடியால்தான் அக்கா நம்பினவ." அதை அவர் ஒரு பாராட்டுப்போலச் சொன்னார்.

"அப்ப, அந்த மனுசன்?"

"ஆர்?"

"பீலெஃபெல்ட்காரர். வாசல்லை வந்து நிண்டவர். உங்களோடை ஒருக்கால் கதைக்கக் கேட்டவர்."

"அவருக்கென்ன, ஆம்பிளைதானே. எங்கையாவது நல்லா இருப்பார்." லீக்ஸை அள்ளிச் சட்டியில் போட்டார், எண்ணெய் சீறியது. "சித்தப்பா வரப்போறார். இதை அவரோடை கதைக்காதை, பாவம், கவலைப்படுவார். இரு, சோறு போடுறன்."

அவர் சோற்றுக் கோப்பையை எடுத்துத் துடைக்கத் துடைக்க நான் எழுந்து சப்பாத்தைப் போட்டேன். சின்னம்மா வீட்டிலிருந்து நான் சாப்பிடாமல் வெளிக்கிட்டது அன்றைக்குத்தான்.